ஸ்பேசர் போட்ட வண்டியில் கண்ணுக்குத் தெரியாத நட்டுகள்

அலாய் வீலைக் கழற்றியதும் உள்ளே ஓர் அலுமினிய வளையம் தெரிந்தது. அதுதான் ஸ்பேசர். அதில் ஐந்து குழிகள், குழிக்கு ஒரு நட். முதல் நட்டில் சாக்கெட்டை வைத்துக் கைப்பிடியை மாட்டுவதற்குள் அது விரலோடு சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது கொஞ்சம் பிடித்தது. என் சித்தப்பா மகன் அந்த வண்டியில்தான் முந்தைய நாள் சேலத்திலிருந்து கோவைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் சொன்ன குறை ஒன்றே ஒன்று: "எண்பதைத் தாண்டினா ஸ்டியரிங் லேசா உதறுதுண்ணா." டயர் கடையில் இரண்டு முறை பேலன்சிங் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வெளி நட்டுகளை நன்றாகவே இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்த ஐந்தை யாரும் தொடவில்லை.

ஸ்பேசர் போட நினைப்பவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் ஏற்கெனவே ஸ்பேசர் இருப்பதைக் கண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சரியான பொருளைச் சரியாக மாட்டி, தவறாமல் பார்த்துவந்தால் ஸ்பேசர் ஒழுங்காகவே இருக்கும். போர்ஷே தன் சில கார்களுக்குத் தானே ஸ்பேசர் விற்றிருக்கிறது. மாட்டிவிட்டு மறந்துபோவதில்தான் ஆபத்து.

எது ஸ்பேசர், எது அடாப்டர்

ஹப்புக்கும் (சக்கரம் மாட்டப்படும், சுழலும் நடுப்பகுதி) சக்கரத்துக்கும் நடுவே வைத்து, சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளுகிற தட்டுதான் ஸ்பேசர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள கம்பியில்) சும்மா கோத்துவிடும் மெல்லிய தட்டு. பெரும்பாலும் 3 முதல் 15 மில்லிமீட்டர். வீல் நட்டுகளே இதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று தடிமனானது, பொதுவாக 20 மில்லிமீட்டருக்கு மேல். இதைத் தனி நட்டுகளால் ஹப்பில் இறுக்க வேண்டும். பிறகு இதிலேயே உள்ள தனி ஸ்டட்டுகளில் சக்கரம் ஏறும். ஆக ஒரு சக்கரத்துக்கு இரண்டு வரிசை நட்டுகள், அதில் உள்வரிசை வெளியே தெரியாது.

அடாப்டர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்ததுதான். துளைகளின் அமைப்பையும் மாற்றிக் கொடுக்கும் என்பதுதான் வித்தியாசம். உதாரணமாக, 5×100 (100 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் ஐந்து துளை) உள்ள போலோவில் 5×112 வீலை ஏற்ற உதவும்.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். சக்கரம் ஸ்டட்டுகளில் தொங்கிக்கொண்டிருப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிக மிக லேசாக நீள்கிறது. நீண்ட ஸ்டட் மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்தி வைக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறக்குறைய 4 டன் விசையில் இழுக்கும். ஐந்து ஸ்டட் என்றால் 20 டன். வண்டியின் எடை, பிரேக், குழி, திருப்பம் எல்லாவற்றையும் இந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் தாங்குகிறது.

இவ்வளவு விசைக்கும் ஸ்டட் நீள்வது எவ்வளவு தெரியுமா? தோராயமாக 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இப்போது ஹப்பின் முகத்தில் ஒரு கோட் பெயின்ட் இருக்கிறது என்று வையுங்கள். அல்லது துருச் செதில், காய்ந்த சேறு. மாட்டும்போது எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஓடும்போது அந்த அடுக்கு நசுங்கி உதிரும். அது 0.05 மில்லிமீட்டர் குறைந்தாலே போதும், ஸ்டட்டின் நீட்சி முழுவதும் போய்விட்டது. கூடவே அந்த 4 டன்னும் போய்விட்டது. நட் இருந்த இடத்திலேயே இருக்கும், ஒரு சுற்றுகூடக் கழன்றிருக்காது. ஆனால் இறுக்கம் இருக்காது. அதற்கு அப்புறம் சக்கரம் நுண்ணிய அளவில் அசையத் தொடங்கும், அசைவில் நட் சுழலும், ஸ்டட் வளைந்து வளைந்து களைத்து முறியும்.

ஸ்பேசர் போடும்போது ஒரு முகத்துக்குப் பதில் இரண்டு முகங்கள் ஒட்ட வேண்டியிருக்கிறது. அழுக்கு நுழையவும் இடம் இரண்டு.

வாங்குவதற்கு முன் ஐந்து அளவுகள்

வண்டியின் பி.சி.டி., நடுத்துளை, ஸ்டட்டின் மரை, வீலின் ஆஃப்செட், நட் உட்காரும் வடிவம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எல்லா வண்டிக்கும் வரும்" என்று எடுத்து நீட்டினால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பி.சி.டி. என்பது ஸ்டட்டுகளின் மையம் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் போதும். ஐந்து ஸ்டட்டுக்கு எதிர் ஸ்டட் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டுகளின் மையங்களை அளந்து 1.701 ஆல் பெருக்குங்கள். 67.2 மில்லிமீட்டர் வந்தால் 5×114.3. 65.8 வந்தால் 5×112. இந்த இரண்டையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றின் வீலை மற்றதில் வம்படியாக மாட்டிய வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டுமே உட்கார்ந்திருக்கும். அது இறுக்கமே அல்ல.

நடுத்துளை முக்கியம். ஹப்பின் நடுவே ஓர் உதடு நீட்டிக்கொண்டிருக்கும்; சக்கரத்தை மையத்தில் உட்கார வைப்பது அதுதான். நல்ல ஸ்பேசர் அந்த உதட்டின் மேல் ஆட்டமில்லாமல் பொருந்தும். தன் வெளிமுகத்திலும் அதே போல ஓர் உதடு வைத்திருக்கும். ஐ20-க்கு 54.1, போலோவுக்கு 57.1, ஜிம்னிக்கு 108 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும். 10 மில்லிமீட்டர் வெறும் தட்டைப் போட்டால் பல வண்டிகளில் ஹப்பின் உதடு முழுவதும் தட்டுக்குள்ளேயே மறைந்துவிடும், சக்கரத்துக்கு எதுவும் மிஞ்சாது. உதறல் வருவதற்கு இது பெரிய காரணம். 3 மில்லிமீட்டருக்கு மேல் எதை வாங்கினாலும் உதடு உள்ளதாகப் பாருங்கள் என்பது என் கருத்து.

மரையைப் பொறுத்தவரை மாருதி சுசூகி கார்களில் பெரும்பாலும் எம்12×1.25 (12 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர்), ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் எம்12×1.5. இரண்டும் 12 மில்லிமீட்டர்தான் என்பதால் ஒன்றின் நட் மற்றதில் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கிக்கொள்ளும். அப்போது பானாவைப் போட்டு அழுத்தினால் மரை போய்விடும். எப்போதும் கையால் மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

ஆஃப்செட் என்பது வீலின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்; வீலில் ஈ.டி. என்று குறித்திருக்கும். கணக்கு எளிது. வீலில் ஈ.டி. 45 என்று இருந்து, 20 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் 25 ஆகிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சக்கர இடைவெளி 40 மில்லிமீட்டர் கூடும். வீல் பேரிங்கில் விழும் நெம்புவிசையும் கூடும், ஸ்டியரிங் கனக்கும், குழியில் இறங்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தள்ளத் தள்ள பேரிங்கின் ஆயுள் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

கடைசியாக நட்டின் வடிவம். வெளிக்கடை அலாய்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி நட்டுகள் உருண்டை முகம் கொண்டவை. டொயோட்டாவின் பல அலாய்களுக்கு வாஷர் வைத்த தட்டை முகம். பழைய நட்டைப் புது வீலில் போட்டுச் சமாளிப்பது கூடவே கூடாது.

பொருளில் எதைப் பார்ப்பது

வார்ப்பில் ஊற்றிச் செய்த மலிவான ஸ்பேசர்கள் விரிசல் விடும். 6061-டி6 போன்ற கட்டி அலுமினியத்தில் குடைந்து செய்ததை வாங்குங்கள். ஸ்டட்டுகள் 10.9 தரமாக இருக்க வேண்டும்; தலையில் அந்த எண் குத்தியிருக்கும். லேத் பட்டறையில் "நாளைக்கே கடைஞ்சு தர்றேன்" என்பார்கள். நம் ஊர் லேத்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அலுமினியம் எந்தத் தரம், அழுத்திப் பொருத்திய ஸ்டட் என்ன எஃகு என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்பதும் தெரியாது. இதில் சிக்கனம் வேண்டாம்.

தடிமன் வகையில் ஒரு சிக்கல் உண்டு. ஹப்பின் பழைய ஸ்டட்டுகள் ஸ்பேசரின் தடிமனைவிட நீளமாக இருந்தால் நுனி வெளியே துருத்தும். அலாயின் பின்முகத்தில் அந்த இடத்தில் குழிவு இருந்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் வீல் ஸ்டட் நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும், ஸ்பேசர் மேல் படியாது. மாட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. வாங்கும் முன்பே வீலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கோத்துவிடும் மெல்லிய வகையில் வேறொரு சிக்கல்: தட்டின் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறைந்துவிடும். ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளம் மரை பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. எம்12×1.5 என்றால் நட் முழுதாக 8 சுற்று ஏற வேண்டும், எம்12×1.25 என்றால் 10 சுற்று. கையால் எண்ணிப் பார்த்துவிடலாம். குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றியாக வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற போல்ட் வண்டிகளில் (ஸ்டட், நட்டுக்குப் பதில் போல்ட்டால் சக்கரம் மாட்டுபவை) ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு மட்டும் நீளமான போல்ட். அதைவிட நீளமாகப் போட்டால் பின் டிரம்முக்குள் போய் பிரேக் பாகங்களில் இடிக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் போடாதீர்கள்.

மாட்டும் முறை

1. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியோடு ஸ்டாண்டும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

2. வீலைக் கழற்றியதும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு உப்புத்தாள். உதட்டைச் சுற்றியுள்ள மூலையில் துரு ஒரு மோதிரம் போலப் படிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் ஸ்பேசர் அதன் மேல் ஏறி உட்காரும், முகம் படியாது. டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ, ஸ்டட்டில் மாட்டிய கிளிப் வாஷர் எதுவும் துருத்தக் கூடாது. விரல் நுனியால் முகம் முழுக்கத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தட்டுப்படும். அலாயின் பின்முகத்தில் பெயின்ட் தடிமனாக இருந்தால், ஸ்பேசரோடு ஒட்டும் இடத்தில் அதையும் எடுத்துவிட வேண்டும்.

3. எஃகு ஹப்பும் அலுமினிய ஸ்பேசரும் ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். அதனால் ஹப் உதட்டில் மட்டும் ஆன்ட்டி சீஸ் பசையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஒட்டும் முகத்திலும் மரையிலும் படக் கூடாது. மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் அதே டார்க் (முறுக்குவிசை) அளவுக்கு ஸ்டட் மூன்றில் ஒரு பங்குவரை கூடுதலாக இழுபடும். நல்லது செய்வதாக நினைத்து ஸ்டட்டை அறுத்துக்கொண்டதாகிவிடும்.

4. ஸ்பேசரை வைத்து, கையால் அழுத்திக்கொண்டே சுற்றிப் பாருங்கள். ஊசலாட்டம் இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

5. உள் நட்டுகளைக் கையால் கடைசிவரை ஏற்றுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் முதலில் பாதி அளவுக்கும் பிறகு முழு அளவுக்கும் டார்க் ரெஞ்சால் (வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும் பானா) இறுக்குங்கள். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். 12 மில்லிமீட்டர் ஸ்டட் உள்ள கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஸ்பேசர் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் உள்வரிசைக்கு அதைப் பின்பற்றுங்கள். மரைப் பசை (நட் கழலாமல் பிடிக்கும் பசை) போடச் சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் வேண்டாம்.

6. அப்புறம் வீல். அதே வரிசை, அதே ரெஞ்ச். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் இறங்கிப் பாருங்கள். டயர் ஃபெண்டரில் உரசினாலோ, ஃபெண்டருக்கு வெளியே துருத்தினாலோ அந்தத் தடிமன் உங்கள் வண்டிக்கு ஒத்துவராது.

டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்பேசர் வாங்கப் பணம் இருந்து இதற்கு இல்லை என்றால் ஸ்பேசரைத் தள்ளிப்போடுங்கள். 'டிக்' என்று ஒரு முறை கேட்டதும் விட்டுவிட வேண்டும், நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது, வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

பராமரிப்பு

முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீலைக் கழற்றி உள் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள். ஆம், கழற்றித்தான் ஆக வேண்டும். அநேகமாக எல்லாரும் தவறவிடுவது இதைத்தான். வெளி நட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. அதன் பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, டயர் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை. பெரிய குழியில் பலமாக இறங்கினால் கணக்கு பார்க்காமல் அன்றே.

கழற்றும்போது எதைத் தேடுவது? ஒட்டும் முகத்தில் கறுப்பாக மையைப் போல நைந்த அலுமினியப் பொடி இருந்தால் அங்கே அசைவு நடந்திருக்கிறது. நட்டிலிருந்து வெளிப்பக்கம் செம்பழுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தாலும் அதே பொருள்தான். ஸ்பேசரின் ஸ்டட் அடியில் மயிரிழை விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவில் நீண்டிருக்கிறதா? நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றுகிறதா? இந்தக் கடைசி மூன்றில் எது இருந்தாலும் ஸ்பேசரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். வெல்டிங், புஷ் என்று எந்த வைத்தியமும் இல்லை. சித்தப்பா மகனின் ஸ்பேசரில் இரண்டு துளைகள் நீண்டிருந்தன. அன்றே நான்கையும் கழற்றிவிட்டு, ஈ.டி. பொருந்திய வேறு அலாய் வாங்கினான். வெறும் தோற்றத்துக்காக ஸ்பேசர் யோசிப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: சரியான ஈ.டி. உள்ள வீலையே தேடுங்கள். ஜிம்னி போன்ற வண்டியில் அகல டயர் போட்டு அது உள்ளே உரசுகிறது என்பது போன்ற நிஜக் காரணம் இருந்தால் ஸ்பேசருக்கு வாருங்கள்.

ஓட்டும்போது குறிப்பிட்ட வேகத்தில் புதிதாக உதறல், மெதுவாகப் போகும்போது 'டிக் டிக்' என்று சக்கரத்தோடு சேர்ந்து வரும் சத்தம், திருப்பத்தில் மட்டும் கூடிக் குறையும் முனகல். முதல் இரண்டும் பெரும்பாலும் இறுக்கம் தளர்ந்ததால் வருபவை, மூன்றாவது பேரிங் தேய்ந்ததால். உதறலோ டிக் சத்தமோ வந்தால் ஓரம் கட்டிப் பாருங்கள், "வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்" வேண்டாம்.

பஞ்சர் கடையில்

"கன்ல போட்டா நல்லா டைட்டா நிக்கும்ணே" என்று தம்பிகள் ஆசையாகத்தான் சொல்வார்கள். ஏர் கன் எவ்வளவு இறுக்கியது என்று யாருக்கும் தெரியாது. பல நேரம் தேவைக்கு மேல் இறுக்கி ஸ்டட்டை இழுத்துவிடும். "தம்பி, கழற்ற மட்டும் கன், ஏத்தறது கையால, ரெஞ்ச் நானே போட்டுக்கறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களும் கவனியுங்கள்: ஜெர்மனியில் ஒப்புதல் ஆவணம் உள்ள ஸ்பேசர்தான் செல்லும். ஆஸ்திரேலியாவில், தயாரிப்பாளரே போட்டுத் தந்தது தவிர மற்றதை வண்டி மாற்ற விதிகள் அனுமதிப்பதில்லை. எங்கே இருந்தாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். வண்டி வாரண்டியில் இருந்தாலும் பேரிங், சஸ்பென்ஷன் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஸ்டெப்னி

இதைப் பலரும் இரவில் நடுவழியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அடாப்டர் போட்டு பி.சி.டி. மாற்றிய வண்டியில் பழைய ஸ்டெப்னி அடாப்டர் மேல் ஏறாது. அடாப்டரையே கழற்றிவிட்டு, நேரே ஹப்பில் கம்பெனி நட்டால்தான் மாட்ட வேண்டும். போல்ட் வண்டியில் ஸ்பேசரைக் கழற்றினால் நீளமான போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, பழைய நீளம் வேண்டும். அதனால் கம்பெனி நட் அல்லது போல்ட் ஒரு செட், உள் நட்டின் குழிக்குள் போகும் மெல்லிய சுவர் சாக்கெட், டார்க் ரெஞ்ச், ஒரு டார்ச், இறுக்க வேண்டிய அளவு எழுதிய துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.